ஹாம்பர்க் செல்லும் சரக்குக்கு எந்த மரப் பாலெட்?

கரூரிலிருந்து மேசைவிரிப்புப் பெட்டிகளைத் தூத்துக்குடி வழியாக ஹாம்பர்க்குக்கு அனுப்பப்போகிறோம். பெட்டிகளை அடுக்கும் மரத் தட்டாக வாங்குபவர் 1200×800 மில்லிமீட்டர் யூரோ பாலெட் கேட்கிறார். 20 அடி கண்டெய்னரில் அது 11 அடங்கும், 1200×1000 என்றால் 10தான். அளவில் குழப்பமில்லை, மரத்தில்தான்.

வியாபாரி ஒருவர் காட்டிய பழைய பாலெட்டில் கோதுமைக் கதிர் முத்திரை பாதி அழிந்திருந்தது. புதிதாக மாற்றியடித்த இரண்டு பலகைகளில் முத்திரையே இல்லை. பூச்சிகள் சாக மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றியதற்கு அதுதானே அத்தாட்சி? "யார் பார்க்கப்போகிறார்கள்" என்கிறார் அவர். துறைமுகத்தில் பார்ப்பார்களே!

பச்சை மரத்தின் ஈரத்தால் துணியில் பூஞ்சை பிடிக்குமோ என்ற கவலை வேறு. பைன் வாங்கலாமா, யூகலிப்டஸ் போதுமா? ஈரப்பத மீட்டரில் எத்தனை சதவீதம்வரை நீங்கள் ஏற்றுக்கொள்கிறீர்கள்? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.