மன்றம் ஏறிய குடியானவர்களுக்கு நீதி கிடைத்ததா?

கேள்வி:
828ஆம் ஆண்டில் அந்துவாஞே என்னும் ஊரின் வாரக்குடிகள், இன்றைய பிரான்சின் தென்மேற்கில் இருந்த அக்விதேன் நாட்டின் அரசன் பெப்பினின் ஷாசனேய் அரண்மனைக்கே சென்று, தங்கள் நிலத்தின் உரிமையாளரான கொர்மெரி என்னும் கிறித்தவத் துறவியர் மடம் முன்னோர் செலுத்தியதைவிடக் கூடுதலாகக் கேட்கிறது என்று முறையிட்டுத் தோற்றார்கள். அரண்மனை வரை வழக்குக் கொண்டுபோக முடிந்தவர்களை வெறும் அடிமைகள் என்று ஒதுக்க மனம் வரவில்லை. ஆயினும் அந்த உரிமையால் அவர்கள் கண்ட பலன் என்ன?

மறுமொழி 1:
அவர்கள் தோற்ற விதத்தைப் பாருங்கள். மடத்தின் தரப்பினர் ஓர் ஏட்டைக் கொண்டுவந்து மன்றத்தில் படிக்க வைத்தார்கள். ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்கு முன், பேரரசர் சார்லமேன் காலத்தில், அவ்வூர்க் குடிகளே சத்தியம் செய்து சொல்ல, யார் என்ன செலுத்த வேண்டும் என்று எழுதிக்கொண்ட பட்டியல் அது. இது உண்மைதானா என்று கேட்டபோது அவர்களால் மறுக்க முடியவில்லை. ஊர்வழக்கு என்பது பெரியவர்களின் நினைவிலும் நாவிலும் இருந்த காலத்தில், அதை ஏட்டில் ஏற்றிப் பெட்டிக்குள் பூட்டி வைக்கும் வசதி ஒரு தரப்புக்கு மட்டும் இருந்தது என்பதே எனக்குப் பெரும் அநீதியாகப் படுகிறது. இவ்வழக்கை நாம் அறிவதும், வென்றவர்கள் தீர்ப்பைப் பத்திரப்படுத்தியதால்தான்.

மறுமொழி 2:
எல்லா இடமும் அப்படி இல்லை. பிரான்சின் வடமேற்கில் உள்ள பிரித்தானியில் 832இல் தோன்றிய ரெதோன் மடத்தின் ஆவணங்களைப் பார்த்தால், மாக்தியெர்ன் எனப்பட்ட பரம்பரைத் தலைவர் முன்னிலை வகித்தாலும், சாட்சி சொன்னவர்களும் பிணை நின்றவர்களும் பல வழக்குகளில் தீர்ப்புச் சொன்னவர்களும் அக்கம்பக்கத்து உழவர்களே என்பது தெரியும். ஆனால் ஊரார் கையில் அதிகாரம் இருந்தால் நியாயமும் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. அக்காலப் பிரான்சை ஆண்ட ஜெர்மானிய இனத்தவரான பிராங்குகளின் சாலிக் சட்டத்தில் ஒரு விதி உண்டு: புதிதாக ஒருவர் ஊரில் குடியேற வரும்போது பலர் சம்மதித்தாலும், ஒரே ஒருவர் எதிர்த்தால் அவர் குடியேற முடியாது, எவரும் எதிர்க்காமல் பன்னிரண்டு மாதம் கடந்தால் மட்டும் அவரை அசைக்க முடியாது. சுவருக்கு அடுத்த வீட்டுக்காரரின் பகையும் அந்த ஏழைக்கு அரசனின் ஆணை போலத்தான் வந்து விழுந்திருக்கும்.

மறுமொழி 3:
கேட்டவரின் கடைசி வரிக்கு வருகிறேன். நடு இத்தாலியின் மலைநாட்டில், திரித்தா பள்ளத்தாக்கின் மக்கள், வோல்த்தூர்னோ ஆற்றின் சான் வின்சென்சோ மடத்துக்கு எதிராக, தாங்கள் சுதந்திரமான குடிகள் என்று வழக்காடினார்கள். 779 தொடங்கி 873 வரை மன்றங்கள் மடத்தின் பக்கமே தீர்த்தன. தாத்தா தோற்ற வழக்கைப் பேரன் மறுபடி தொடுத்திருக்கிறான் என்றால், முந்திய தீர்ப்பு அந்த மலையில் முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை என்றுதானே பொருள்? மடம் திரும்பத் திரும்ப மன்றம் ஏற வேண்டியிருந்ததற்கும் அதுவே காரணமாக இருக்க வேண்டும். அவர்கள் கண்ட பலனை நான் அங்கேதான் தேடுவேன்.