ஆடுபுலி விற்ற கதை: பள்ளியில் விளையாட்டுப் பலகை செய்தவர்கள் சொல்லுங்களேன்

வணிகவியல் டீச்சர்:

எங்கள் பள்ளியில் பிளஸ் ஒன் வணிகவியல் பிள்ளைகள் ஒரு பொருளைத் தாங்களே செய்து, விற்று, கணக்கு காட்ட வேண்டும். போன வருடம் எங்கள் வகுப்பு ஆடுபுலி ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டது. மெழுகுவர்த்தியையும் காகிதப்பையையும் முந்தைய வகுப்புகள் செய்து தீர்த்துவிட்டன, அதுதான் காரணம். பாரம்பரியத்தைக் காக்கிற எண்ணமெல்லாம் போஸ்டர் எழுத உட்கார்ந்தபோது வந்தது.

காடாத் துணியில் ஸ்கிரீன் பிரிண்ட். ஆட்டுக்கு வெள்ளைப் பொத்தான் 15, புலிக்குப் பெரிய கறுப்புப் பொத்தான் 3. சுருக்குப்பை ஒன்று, விதித்தாள் ஒன்று. செட்டுக்கு 85 ரூபாய் அடக்கம், விலை 120. மொத்தம் 60 செட்.

முதல் 11 துணி அச்சாகிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. எங்கள் வாட்ச்மேன் ஐயா அதில் ஒன்றை எடுத்துத் தரையில் விரித்தார், பிள்ளைகளிடம் பொத்தான் வாங்கிக் காய் வைத்தார். நாலு நகர்த்தல்தான். "இது யாரு போட்ட கட்டம்? ஓரத்துக்குப் போன புலி உசுரோட திரும்பாதே" என்றார். உச்சியில் 1 புள்ளி, மூன்று குறுக்குக் கோட்டிலும் ஆறாறாக 18, அடியில் 4, ஆக 23. எண்ணிக்கை சரியாகவே இருந்தது. ஆனால் குறுக்குக் கோடுகளின் முனைகளை மேலும் கீழுமாக இணைக்கிற இரண்டு பக்கக் கோடுகளையும் வரைந்த பையன் விட்டிருந்தான். அந்த ஆறு முனையும் முட்டுச்சந்தாகிவிட்டன. 11 துணியும் போச்சு. வரைந்தவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டது நான்.

பலகையைவிட விதித்தாள்தான் படுத்தி எடுத்தது. வீட்டில் பெரியவர்களைக் கேட்டு வாருங்கள் என்றேன். மூன்று புலியையும் முதலிலேயே உச்சியிலும் அதை ஒட்டியும் வைத்துவிட வேண்டும் என்றது ஒரு வீடு. ஆடு ஒன்று, புலி ஒன்று என மாறி மாறி இறக்க வேண்டும் என்றது இன்னொரு வீடு. எத்தனை ஆடு வெட்டினால் புலிக்கு ஜெயம் என்பதில் இரண்டு தாத்தாக்கள் போனிலேயே சண்டை. 15 ஆடும் இறங்கும்வரை எந்த ஆடும் நகரக்கூடாது, புலி நேர்கோட்டில்தான் ஆட்டைத் தாண்டி வெட்டும், அதற்கு ஆட்டுக்கு அடுத்த புள்ளி காலியாக இருக்க வேண்டும், புலிகள் நகர வழியில்லாமல் அடைத்தால் ஆட்டுக்கு ஜெயம். இவற்றில் மட்டும் யாருக்கும் தகராறு இல்லை. அதை மட்டும் அச்சடித்தோம். கீழே 'உங்கள் வீட்டு விதி' என்று தலைப்புப் போட்டு ஐந்து வெற்றுக் கோடு. அந்த யோசனை கடைசி பெஞ்சிலிருந்து வந்தது.

ஆண்டு விழாவில் 43 விற்றது. வரவு 5,160, செலவு 5,100. 60 ரூபாய் லாபம் என்று போர்டில் எழுதிக் கைதட்டினார்கள். துணி ஏற்றி வந்த ஆட்டோவுக்கு 150 கொடுத்ததை அதற்குப் பிறகுதான் ஒருத்தி ஞாபகப்படுத்தினாள். அந்த அமைதியைப் பார்த்திருக்க வேண்டும்.

பல்லாங்குழி அக்கா:

டீச்சர், நாங்கள் படிக்கும்போது செய்தது பல்லாங்குழி. மரப்பலகை, மடக்கும் கீல், எல்லாம் தச்சர் செய்து கொடுத்தார். எங்கள் தலைவலி காய்.

சிவப்பும் கறுப்புமாகக் குன்றிமணி போட்டால் பார்க்க எடுப்பாக இருக்கும் என்று ஒரு டப்பா நிறையச் சேர்த்துவிட்டோம். தாவரவியல் சார் பார்த்துவிட்டுக் கையிலிருந்து பிடுங்காத குறை. குன்றிமணிக்குள் இருப்பது அப்ரின் என்கிற கொடிய விஷம். முழுதாக விழுங்குவதைவிட, கடித்தோ உடைத்தோ விழுங்கினால்தான் ஆபத்து அதிகம் என்று விளக்கினார். சின்னப் பிள்ளைகள் வாயில் போடாத பொருள் உண்டா? மஞ்சாடி தேவையான அளவு கிடைக்கவில்லை. கடைசியில் புளியங்கொட்டை. கழுவி வெயிலில் காயவைத்துப் பையில் கட்டினோம். இரண்டு மாதம் கழித்து வாங்கிய ஒருவர் பையைத் திருப்பிக் கொண்டுவந்தார்: கொட்டைக்குக் கொட்டை வண்டு துளைத்த ஓட்டை, அடியில் மாவு.

40 பலகைக்குத் தலா 70 காய், ஆக 2,800. எண்ணி எண்ணி மண்டை காய்ந்தது. எடை போட்டுப் பிரித்துப் பார்த்தோம், ஒரு பையில் 66, ஒரு பையில் 74. அப்புறம் ஒரு பிள்ளை பலகையையே எடுத்து வைத்தாள். 14 குழி, குழிக்கு ஐந்து. நிரப்பு, பையில் கவிழ், அடுத்தது. ஒரு மதியத்தில் முடிந்தது.

ஆடுபுலிக்குப் போட்ட அந்த வெற்றுக் கோடு எங்களுக்குத் தோன்றவில்லையே! குழியில் நாலு காய் சேர்ந்தால் அது 'பசு', எடுத்துக்கொள்ளலாம் என்று அச்சடித்துவிட்டு, எங்கள் வீட்டில் அப்படியில்லை என்று எத்தனை பேரிடம் பேச்சு வாங்கினோம் தெரியுமா?

தச்சுப் பட்டறைக்காரர்:

அக்கா சொன்ன மாதிரி பலகை நானும் ஒரு ஸ்கூலுக்குப் போட்டுக் கொடுத்திருக்கேன். எல்லாரும் மரத்தோட விலையைத்தான் பேரம் பேசுறாங்க. வேலை குழியிலதான் இருக்கு. 14 குழியும் ஒரே ஆழம் வரணும், உள்ளே விரல் வழுக்கிட்டு ஓடணும், இல்லேன்னா காயை அள்ள முடியாது. உப்புத்தாள் போட்டே கை தேயும். அவசரம்னு பச்சை மரத்துல பண்ணினா காய்ஞ்சதும் குழியோட குறுக்கே வெடிப்பு விடும். எனக்கே ஒருதரம் ஆச்சு.

டீச்சரம்மா, தப்பா நினைக்காதீங்க. உங்க 85 ரூபாயில பிள்ளைங்க கூலி எங்கே? அதைச் சேர்த்தா அந்த அறுபது ரூபாய் கூத்தே வந்திருக்காது.

கண்காட்சிக்குப் போனவர்:

எங்கள் பிள்ளைகள் செய்த பலகைகளைப் பள்ளி வளாகத்துக்குள் விற்கும்வரை யாரும் எதுவும் கேட்கவில்லை. வெளியே ஒரு கண்காட்சியில் கடை போடப் போனோம், ஐஎஸ்ஐ முத்திரை எங்கே என்றார்கள். 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளையாடும் பொம்மைகளுக்கு அது கட்டாயம் என்ற மத்திய அரசின் ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. பதிவு பெற்ற கைவினைஞர் செய்த பொருளுக்கு விலக்கு உண்டு, பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் அதில் வரமாட்டார்கள். மூட்டையை அவிழ்க்காமலே திரும்பினோம். வெளியே கொண்டுபோகிற எண்ணம் இருந்தால் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

வணிகவியல் டீச்சர்:

தச்சர் அண்ணே, நியாயமான அடி. இந்த வருடம் கணக்கில் கூலியைத் தனியாக எழுதியாச்சு, விலை 160.

இன்னொன்று. போன வாரம் ஒரு அப்பா, தன் அம்மா எழுதிக் கொடுத்தது என்று விதித்தாளைப் படம் எடுத்து அனுப்பினார். ஐந்து கோடும் போதாமல் பின்பக்கமும் நிரம்பியிருந்தது. கடைசி வரி: 'பேரன் அழுதால் ஒரு ஆடு திரும்பக் கொடுக்கலாம்.' பிள்ளைகள் அதைக் கூட்டம் போட்டு விவாதித்தார்கள். புலிக்கு அது அநியாயம் என்று ஒரு கோஷ்டி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.