ஒரே கணக்கு, வேறு வேறு விடை: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

கோத்தகிரிக்காரன்:
மூன்று மாதமாக மனசை அரிக்கிறது. கம்பெனியின் ஏஐ மாடல் ட்ரெயினிங், சர்வர் மும்பையில், நான் கோத்தகிரி வீட்டில். லாஸ் (மாடல் செய்யும் பிழையின் அளவு) ஒழுங்காக இறங்குகிறது, லாக் சுத்தம், இசிசி (மெமரியில் பிட் மாறினால் கண்டுபிடிக்கும் வசதி) காட்டும் பிழை பூஜ்யம். ஆனால் ஒரு லேயரின் கிரேடியன்ட் (மாடலை எந்தப் பக்கம், எவ்வளவு திருத்துவது என்ற கணக்கு) மட்டும் எப்போதாவது துள்ளும். டேட்டாவைச் சந்தேகப்பட்டே பத்து நாள் போனது. ஒரு ராத்திரி, வெளியே மூடுபனி, கரண்ட் போய்ப் போய் வருகிறது, அதே பேட்ச் டேட்டா, அதே சீட் (ரேண்டம் எண்களின் தொடக்க எண்), 8 ஜிபியு கார்டுகளிலும் தனித்தனியாக ஓட்டினேன். 7-இல் கடைசி பிட் வரை ஒரே விடை. ஒன்றில் மட்டும் வேறு. திரும்ப ஓட்டினால் அதுவும் சரி! விடாமல் ஓட்டினேன், 38-வது தடவை மறுபடி தப்பு. அந்த எண்ணையே வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஊட்டி குளிர்:
காஸ்மிக் கதிர்தான், சந்தேகமே வேண்டாம். ஊட்டியில் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் அதைத்தானே ஆராய்கிறது. என் லேப்டாப்பும் இங்கே வந்த பிறகுதான் தொங்குகிறது.

குன்னூர் தேயிலை:
சகோ, சர்வர் மும்பையில் என்று எழுதியிருக்கிறாரே, படிக்கவில்லையா? கதிர் பட்டால் ஒரு தடவை, எங்கே வேண்டுமானாலும். ஒரே சில்லில் திரும்பத் திரும்ப என்றால் சில்லில்தான் குறை. இசிசி மெமரியைக் காக்கும், பெருக்கலைக் காக்காது. ஃபேஸ்புக் 2021-இல் எழுதினார்களே, 1.1-இன் 53-ஆம் அடுக்கை முழு எண்ணாக்கினால் 156, ப்ராசஸரின் ஒரு கோர் மட்டும் 0 என்றது, அதனால் ஃபைல்களே காணாமல் போயின. அவர்களின் லாமா 3 ஏஐ மாடல் பயிற்சியில் 54 நாளில் எதிர்பாராமல் நின்றது 419 தடவை, அதில் 6 இப்படிச் சத்தமில்லாமல் தப்பு விடை தரும் வகை. அதுவும் கண்ணில் பட்டவை மட்டும்தான்.

எனக்கும் ஒன்று நடந்தது, சின்னதுதான், விடுங்கள். செய்ய வேண்டியது இது: 1984-லேயே ஹுவாங், ஆபிரகாம் என்ற ஆராய்ச்சியாளர்கள் சொன்ன செக்சம் (கூட்டுத்தொகையை வைத்துச் சரிபார்க்கும்) முறை. எங்கள் தோட்டத்தில் ஆள் ஆளாகப் பச்சை இலையை எடை போட்டு எழுதுவோம், ஃபேக்டரியில் மொத்தமாக ஒரு எடை. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எங்கோ கோளாறு. அதேபோல மேட்ரிக்ஸில் கூட்டுத்தொகை வரிசை ஒன்றைச் சேர்த்துப் பெருக்குங்கள், விடையின் கூட்டுத்தொகையோடு அது பொருந்த வேண்டும். தசம ரவுண்டிங்குக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள், ஈர இலைக்குக் கழிப்பது மாதிரி. ரொம்ப விட்டுக்கொடுத்தால் திருட்டும் அதிலேயே ஒளிந்துகொள்ளும்.

கோத்தகிரிக்காரன்:
அறிவுரை கேட்கவில்லை, ஆனாலும் நன்றி. அந்தக் கார்டைக் கழற்றி, விற்றவர்களிடமே கொடுத்தோம். அவர்கள் டெஸ்டில் பாஸ், நல்ல கார்டு என்று சொல்லிவிட்டார்கள். இப்போது அது யார் சர்வரில் ஓடுகிறதோ.