கைவினைப் பொருட்களைக் கடைக்கும் கொடுத்து நேரிலும் விற்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

மண்பாண்டம் செய்பவர்:

சக்கரத்தில் குவளை, கிண்ணம், ஜாடி செய்கிறேன். பாதிக்குமேல் கடைகளுக்குப் போகிறது, மீதியைக் கண்காட்சிகளில் நானே விற்கிறேன். இரண்டையும் சேர்த்து நடத்துவதில் விலையைவிடச் சூளையில் இடம் பிடிப்பதுதான் எனக்குப் பெரிய பாடு. ஒரு குவளையை வனைந்து, பாதி காய்ந்ததும் அடியைச் சீவி, பிடி ஒட்டி, மெதுவாக உலர்த்தி, 1000 டிகிரி செல்சியஸ் வாக்கில் ஒருமுறை சுட்டு, கிளேஸ் (சுட்டதும் கண்ணாடிபோல் ஆகும் மேல்பூச்சு) பூசி மறுபடி சுட வேண்டும். என் களிமண்ணுக்கு அந்த இரண்டாவது சுடல் 1200 டிகிரிக்கு மேல். எல்லாம் முடிய மூன்று நான்கு வாரம் ஓடிவிடும்.

ஒரு கடை ஒரே மாதிரிக் குவளைகளுக்குப் பெரிய ஆர்டர் கொடுத்தால் சூளைத் தட்டுகள் முழுக்க அதற்கே போய்விடும். அடுத்த கண்காட்சிக்கு மேஜையில் வைக்க எதுவும் இருக்காது. அதனால் ஒவ்வொரு முறையும் மேல்தட்டை என் சொந்தச் சரக்குக்கு ஒதுக்கிவிடுகிறேன். கடைக்காரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் அதைத் தொடுவதில்லை, டெலிவரி தேதியைத்தான் தள்ளி வைப்பேன். ஆர்டர் எடுக்கும்போதே தேதியைச் சொல்லிவிட்டால் யாரும் பெரிதாகக் கோபித்துக்கொள்வதில்லை.

ஒருமுறை ஸ்டாலுக்கு வந்த ஒரு அம்மா, "இதே குவளையைக் கடையில் பார்த்தேன். செய்கிறவர் கையால் நேராக வாங்குகிறேன், குறைத்துத் தரலாமே?" என்று கேட்டார். கேட்டதில் தப்பில்லை. "கடைக்காரர் வாடகை கட்டி, ஆள் வைத்து விற்கிறார். நானும் இங்கே ஸ்டால் கட்டணம் கட்டி நாள் முழுக்க நிற்கிறேன். விற்கிற வேலைக்கான கூலி இரண்டு இடத்திலும் இருக்கிறதம்மா" என்றேன். குவளையை வைத்துவிட்டுப் போய்விட்டார். வருத்தம்தான். ஆனாலும் விலையைக் குறைத்திருக்க மாட்டேன். என் பொருளை அலமாரியில் வைத்திருக்கும் கடையைவிட நானே மலிவாக விற்றால், அடுத்த ஆர்டரை எந்த முகத்தோடு கேட்பது?

விலைக் கணக்கை நான் கடைக்குக் கொடுக்கும் மொத்த விற்பனை விலையிலிருந்துதான் தொடங்குகிறேன். களிமண், கிளேஸ், மின்சாரம், உடைசல், பேக்கிங், என் நேரத்துக்குக் கூலி, அதன்மேல் லாபம். இதுதான் கடைக்கு. பொதுவாகக் கடைகள் அதை இரண்டு மடங்காக்கி விற்கும், அதனால் என் ஸ்டாலிலும் அதே இரண்டு மடங்கு. முதலில் சில்லறை விலையை வைத்துவிட்டு, கடைக்காரர் கேட்டதும் அதைப் பாதியாக்கினால், பல நேரம் வெட்டப்படுவது நம் கூலியாகத்தான் இருக்கும்.

வெள்ளி நகை செய்பவர்:

மொத்த விற்பனையையும் கன்சைன்மென்ட்டையும் புதிதாக வருகிறவர்கள் ஒன்றாகவே நினைக்கிறார்கள், அது என்னை உறுத்துகிறது. மொத்த விற்பனையில் கடை பொருளை வாங்கிவிடுகிறது, பணம் உண்டு. கன்சைன்மென்ட்டில் விற்றால்தான் நமக்குப் பணம். பாதிப் பாதி, இல்லையென்றால் 60-க்கு 40 என்று பிரிப்பார்கள். அதுவரை அந்த நகைகளில் நம் முதல் முடங்கிக் கிடக்கிறது.

ஒரு கலைப்பொருள் கேலரியில் வைத்த தோடுகளை ஒரு பருவம் கழித்துப் போய்ப் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் கறுத்துப் போயிருந்தன. 92.5 சதவீத வெள்ளி காற்றுப் பட்டால் கறுக்கத்தான் செய்யும், ஆனால் துடைக்க ஒருவரும் இல்லை. கறுத்த தோட்டை யார் வாங்குவார்? பட்டியலில் இருந்த இரண்டு ஜோடியைக் காணவும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுக் கையெழுத்து வாங்கிய தாள் என்னிடம் இருந்ததால், வாக்குவாதம் இல்லாமல் பணம் கொடுத்தார்கள். தொலைந்தால், உடைந்தால் யார் பொறுப்பு, மாதத்தின் எந்தத் தேதியில் கணக்கு முடிப்பது, எத்தனை மாதத்தில் திருப்பி எடுக்கலாம் என்பதெல்லாம் அதே தாளில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு போதாது.

அப்புறம் இன்னொன்று. வெள்ளி விலை தினமும் மாறுகிறது. கடைக்குக் கொடுக்கும் விலைப்பட்டியலில் "இந்தத் தேதி வரை" என்று கட்டாயம் போடுங்கள்.

துணியில் அச்சு போடுபவர்:

என்னிடம் ஒரு கடைக்காரர், "இந்தப் பகுதியில் வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது" என்றார். சரி, ஆனால் ஒரு பருவத்துக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு எடுக்க வேண்டும் என்றேன். சற்று யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். எடுக்கும் அளவைச் சொல்லாமல் தனி விற்பனை உரிமை மட்டும் கேட்பவர்களுக்கு நான் கொடுப்பதில்லை.

பணம் விஷயத்திலும் கறாராகத்தான் இருக்கிறேன். முதல் ஆர்டருக்கு முழுப் பணமும் முன்கூட்டியே வாங்கிவிடுவேன். ஒழுங்காகத் திரும்பத் திரும்ப எடுப்பவர்களுக்கு மட்டும் இன்வாய்ஸ் தேதியிலிருந்து 30 நாள். துணிக்கும் சாயத்துக்கும் நான் முன்னாலேயே பணம் போடுகிறேன், அதற்குமேல் தாங்காது.

மண்பாண்டம் செய்பவர்:

கன்சைன்மென்ட் பற்றிச் சொன்னதற்கு நன்றி, அந்தத் தாளை நானும் தயார் செய்யப் போகிறேன். கடை ஆர்டர்களே போதும், கண்காட்சியை விட்டுவிடலாமா என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். நான் விடமாட்டேன். ஸ்டாலில் நின்றால்தான் ஆட்கள் பொருளை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று தெரிகிறது. என் பழைய குவளையின் பிடிக்குள் பெரிய கை உள்ளவர்களுக்கு இரண்டு விரல்தான் நுழைந்தது. மூன்றாவது விரல் சூடான பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. பார்த்துவிட்டுப் பிடியை அகலமாக்கினேன். இப்போது கடைகள் மறுபடி மறுபடி கேட்பது அந்தப் புதிய குவளையைத்தான். எந்தக் கடைக்காரரும் பழைய பிடியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கடைப் பட்டியலில் திரும்பச் செய்யக்கூடிய வடிவங்களும் இரண்டே கிளேஸும் மட்டும் வைத்திருக்கிறேன். ஒற்றையாக வரும் பெரிய ஜாடிகள், புதிதாகச் சோதித்துப் பார்க்கும் நிறங்கள் எல்லாம் ஸ்டாலுக்கு மட்டும்தான். அவற்றைக் கடையில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், விலையை ஒப்பிடும் பேச்சும் வராது.