ஒட்டாவாவின் கார்ஷ்: அவர் படங்களை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

அம்பாசமுத்திரத்தில் முப்பது வருடத்துக்கு மேல் ஸ்டூடியோ வைத்திருந்தேன். பாஸ்போர்ட் சைஸ், காதுகுத்து, கல்யாணம், அறுபதாம் கல்யாணம் எல்லாம் எடுத்தாயிற்று. யூசுப் கார்ஷ் எடுத்த சர்ச்சில் படத்தை முதலில் பார்த்தது ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகையில். கோட்டும் கறுப்பு, பின்னணியும் இருட்டு. இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாமல் எப்படிப் பிரித்தெடுத்தார் இந்த மனிதர் என்று அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

அதன் பிறகுதான் அவரைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். 1908இல் மார்தினில் பிறந்த ஆர்மீனியர். இன்றைக்கு அந்த ஊர் துருக்கியில் இருக்கிறது. படுகொலைகளையும் பசியையும் பார்த்து வளர்ந்த பிள்ளை. பதினைந்து வயதில் தன்னந்தனியாகக் கப்பலில் கனடா வந்து, ஷெர்புரூக்கில் ஸ்டூடியோ நடத்திய தாய்மாமன் வீட்டில் சேர்ந்தார். டாக்டராக வேண்டும் என்பதுதான் ஆசை. மாமாதான் அவரை பாஸ்டனுக்கு, காரோ என்ற ஆர்மீனியப் படக்காரரிடம் தொழில் பழக அனுப்பினார். காரோ ஜன்னல் வெளிச்சத்தில் வேலை செய்தவர். விளக்கை வைத்து ஒரு முகத்தை எப்படிச் செதுக்கலாம் என்பதை கார்ஷ் பிற்பாடு ஒட்டாவாவில் ஒரு நாடகக் குழுவோடு பழகியபோது கற்றுக்கொண்டார்.

சர்ச்சில் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1941 டிசம்பர் 30, கனடா நாடாளுமன்றத்தில் சபாநாயகர் அறை. முந்தின நாள் ராத்திரியே விளக்கெல்லாம் மாட்டித் தயாராக இருந்தார் கார்ஷ். படம் எடுக்கப் போகிறார்கள் என்று சர்ச்சிலுக்கு யாரும் சொல்லவில்லை. எரிச்சலோடு, ஒரே ஒரு படம் என்றார். சாம்பல் கிண்ணத்தை நீட்டினாலும் சுருட்டைக் கீழே வைக்கவில்லை. கார்ஷ் கேமராவில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அவரிடம் போய், “மன்னியுங்கள் ஐயா” என்று சொல்லி வாயிலிருந்த சுருட்டை எடுத்துவிட்டார். திரும்பி வந்து பார்த்தால் அந்த முகம். அந்த நொடியில் அமுக்கினார்.

எல்லாரும் அந்தத் துணிச்சலைத்தான் பேசுகிறார்கள். எனக்கு முந்தின நாள் ராத்திரிதான் பெரிதாகத் தெரிகிறது. எதிரே இருப்பவர் ஒரே ஒரு படம் என்று சொன்னாலும் அது போதும் என்கிற அளவுக்குத் தயாராக இருந்திருக்கிறார். அப்புறம் சர்ச்சிலே சிரித்து, இன்னொன்று எடுத்துக்கொள் என்று அனுமதித்தார். கர்ஜிக்கும் சிங்கத்தைக்கூட உன்னால் அசையாமல் நிற்க வைக்க முடியும் என்று கைகொடுத்தார். படத்துக்கே ‘கர்ஜிக்கும் சிங்கம்’ என்று பெயர் நின்றுவிட்டது.

நான் அவரிடம் கற்றது கைகளைப் பற்றி. கார்ஷ் முகத்துக்கு விளக்கு வைப்பதோடு நிறுத்த மாட்டார், கைகளுக்கும் தனியாக வெளிச்சம் கொடுப்பார். இதைப் படித்த பிறகு ஒரு நாள் ஓர் ஆச்சி வந்தார். பேரன் வெளிநாடு போகிறான், கொண்டுபோக ஒரு படம் வேண்டும் என்றார். உட்கார்ந்ததும் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். ஐம்பது வருடம் பீடி சுற்றிய கை. கத்தரி பிடித்துப் பெருவிரலில் காய்ப்பு, விரல் நுனியில் புகையிலைக் கறை. “கை இருக்கட்டும் ஆச்சி, வெளியவே வைங்க” என்றேன். “இதப் போயா?” என்றார். இரண்டாவது விளக்கை இறக்கி மடிப் பக்கம் திருப்பினேன். வருடங்கள் கழித்து அந்தப் பேரன் வந்து, முகத்தைவிட அந்தக் கையைத்தான் அதிகம் பார்ப்பேன் என்று சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

2022 ஜூனில் மகளைப் பார்க்க ஒட்டாவா போனேன். முதல் வேலையாக ஷாத்தோ லோரியே ஹோட்டலுக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். கார்ஷ் பல வருடம் குடியிருந்த இடம், ஸ்டூடியோவும் அங்கேதான். அவர் கொடுத்த படங்கள் வாசிப்பறைச் சுவரில் இருந்தன. சிங்கத்தின் முன்னால் அரை மணி நேரம் நின்றேன். கறுப்பில் அந்த ஆழம் இல்லாத மாதிரி தோன்றியது. கண்ணாடியில் வெளிச்சம் படுகிறது போலும் என்று நினைத்தேன்.

ஆகஸ்டில் செய்தி வந்தது. ஹோட்டல் ஊழியர் ஒருவர் சிங்கப் படத்தின் சட்டம் வித்தியாசமாக இருப்பதைக் கவனித்தாராம். அதிலிருந்த கார்ஷின் கையெழுத்தைப் பார்த்ததும் போலி என்று உறுதியானது. 2021 கிறிஸ்துமஸுக்கும் ஜனவரி 6க்கும் இடையில் யாரோ அசலைத் திருடிக்கொண்டு நகலை மாட்டியிருக்கிறார்கள். நான் அரை மணி நேரம் நின்றது நகலின் முன்னால். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

அசல் இத்தாலியில் ஜெனோவாவில் கிடைத்தது. திருட்டுப் பொருள் என்று தெரியாமல் ஒருவர் லண்டன் ஏலத்தில் வாங்கியிருந்தார். 2024 நவம்பரில் படம் ஒட்டாவா திரும்பியது. போன வருடம் மறுபடி போய்ப் பார்த்தேன். ஒரு கை இடுப்பில், ஒரு கை நாற்காலி மேல். இந்தத் தடவை முகத்துக்கு முன்னால் கைகளைத்தான் பார்த்தேன். கோட்டு தனியாக, இருட்டு தனியாக நின்றது.

பாஸ்டனில் யாராவது அவருடைய கசால்ஸ் படத்தைப் பார்த்திருக்கிறீர்களா? செல்லோ வாசிக்கும் பாப்லோ கசால்ஸை முதுகுப் பக்கமிருந்து எடுத்தது. பார்த்திருந்தால் எழுதுங்கள்.

*

வணக்கம் ஐயா. நான் ரொறன்ரோவில் இருக்கிறேன். கசால்ஸ் படத்தை நான் பார்க்கவில்லை. ஆனால் கார்ஷ் குடும்பத்தோடு எனக்கும் ஒரு தொடர்பு உண்டு.

1986இல் மொன்றியல் மிராபெல் விமான நிலையத்தில் வந்து இறங்கினேன். முதல் வாரம் ஒரு தமிழ் அண்ணா என் கையில் கொஞ்சம் காசு வைத்தார். அதில் ஒரு டொலர் தாளும் இருந்தது. பின்பக்கம் ஓர் ஆறு, ஆறு முழுக்க மரக்கட்டைகள், மேலே நாடாளுமன்றக் கட்டடம். இரவில் படுத்துக்கொண்டு அதையே பார்ப்பேன். எங்கள் ஊரில் ஆறே இல்லை.

அந்தப் படத்தை எடுத்தவர் யூசுப் கார்ஷின் தம்பி மாலாக் என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிய வந்தது. அண்ணன் ஆட்களை எடுத்தார், தம்பி நாட்டை எடுத்தார். இருவரும் ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட குடும்பத்திலிருந்து இங்கே வந்தவர்கள். பிறகு ஒரு டொலர் தாள் நின்று, காசாக வந்துவிட்டது. அண்ணா தந்த அந்தத் தாளை நான் மாற்றவில்லை. என் பழைய அடையாள அட்டைக்குள் இருக்கிறது.