ஒரே கட்டிலில் எனக்குக் குளிர் வேண்டும், அவருக்குச் சூடு வேண்டும்: படுக்கைக்கு எந்தக் கருவி வாங்கலாம்?

சுகர்லேண்ட் மல்லி:

வணக்கம். ஹூஸ்டன் பக்கத்தில் சுகர்லேண்டில் இருக்கிறோம். எனக்கு 51 வயது, மாதவிடாய் நிற்கிற பருவம். பகலில் வரும் கொதிப்பைச் சமாளித்துவிடுகிறேன். ராத்திரிதான் முடியவில்லை. நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கும்போது நெஞ்சிலிருந்து கழுத்து, முகம் வரை அனல் ஏறும். நைட்டி நனைந்துவிடும். போர்வையை உதறுவேன். கொஞ்ச நேரத்தில் அதே ஈரத்தில் குளிர் எடுக்கும், மறுபடி போர்வையைத் தேடுவேன். விடிகிற வரைக்கும் இதே கதை.

என் கணவருக்கு நேர் எதிர். கால் எப்போதும் ஜில்லென்று இருக்கும், சாக்ஸ் போட்டுத்தான் படுப்பார். பல வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. நான் ஏசியை 70 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு இறக்கினால் அவர் தலையோடு போர்த்திச் சுருண்டு படுக்கிறார். அவருக்காக 78-க்கு ஏற்றினால் நான் ஹால் சோஃபாவுக்குப் போய்விடுகிறேன். "பிள்ளைகள் இரண்டும் காலேஜுக்குப் போயாச்சு, அறை சும்மாதானே கிடக்கிறது, தனியாகப் படு" என்கிறாள் என் தங்கை. எனக்கு மனம் வரவில்லை. நாங்கள் இரண்டு பேரும் அக்கடா என்று பேசிக்கொள்ளும் நேரமே விளக்கணைத்த பிறகு வரும் அந்த அரை மணிதான்.

படுக்கையையே குளிர்விக்கவும் சூடாக்கவும் கருவிகள் வந்திருக்கின்றன என்று தேடிப் பார்த்தேன். காற்று ஊதும் பெட்ஜெட், தண்ணீர் ஓடும் டாக் ப்ரோ, மெத்தை உறை மாதிரி வரும் எய்ட் ஸ்லீப் என்று மூன்று கண்ணில் பட்டன. விலை ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. இரண்டு பக்கமும் தனித்தனியாக இயங்க வேண்டும், நடு ராத்திரியில் போனைத் தடவிக்கொண்டிருக்க முடியாது. என் தேவை இவ்வளவுதான். மெத்தை கிங் சைஸ் மெமரி ஃபோம். 1,500 டாலர் வரை செலவழிக்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். அதற்கு மேல் போவதானால் அவருக்குக் காரணம் சொல்ல வேண்டும். வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

ஃபீனிக்ஸ் கதிர்:

மல்லி அக்கா, நான் ஏசி துறையில் இருக்கிறவன். வீட்டில் காற்று வகைதான் வைத்திருக்கிறோம். பிராண்டை அப்புறம் பார்க்கலாம். காற்று வகையும் தண்ணீர் வகையும் வேலை செய்யும் விதமே வேறு, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பெட்ஜெட் எதையும் குளிர்விப்பதில்லை. உள்ளே கம்ப்ரஸர் கிடையாது. அறைக் காற்றை உறிஞ்சிக் குழாய் வழியாகப் போர்வைக்கு அடியில் ஊதும். சூடு வேண்டுமானால் ஹீட்டர் இருக்கிறது. அறை 76 டிகிரி என்றால் உங்களுக்குக் கிடைப்பதும் 76 டிகிரிக் காற்றுதான். இதற்கா இவ்வளவு விலை என்று தோன்றும். ஆனால் கணக்கைப் பாருங்கள். தூங்குகிற உடம்பு விடும் வெப்பம் 70, 80 வாட் இருக்கும். ஒரு கிராம் வியர்வை ஆவியானால் ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். நிமிடத்துக்கு 2 கிராம் ஆவியானாலே அந்த 80 வாட்டும் கழிந்துவிடுகிறது. போர்வைக்குள் காற்று தேங்கி நிற்பதால்தான் வியர்வை ஆவியாகாமல் துணியை நனைக்கிறது. அந்தக் காற்றை ஓட விட்டால் போதும், உறைய வைக்கத் தேவையில்லை.

தண்ணீர் வகையில் மெத்தை மேல் விரிக்கும் பேடுக்குள் மெல்லிய குழாய்கள் ஓடும். கட்டில் பக்கத்தில் ஒரு பெட்டி தண்ணீரைக் குளிர்வித்துச் சுற்ற விடும். பெரும்பாலும் உள்ளே இருப்பது பெல்டியர் தகடு: மின்சாரம் பாய்ந்தால் ஒரு முகம் குளிரும், மறு முகம் சுடும். அறையை விடக் குளிராக, 55 டிகிரி வரை இவற்றால் இறக்க முடியும். காற்று வகையால் அது ஆகவே ஆகாது. ஆனால் உங்கள் உடம்பிலிருந்து எடுத்த சூடு அதே அறைக்குள்தான் வந்து சேரும், தான் இழுத்த மின்சாரத்தின் சூட்டையும் சேர்த்துக்கொண்டு. பெட்டியைச் சுவரோடு ஒட்டியோ துணிகளுக்கு நடுவிலோ வைத்தால் தன் சூட்டையே திரும்ப உறிஞ்சித் திணறும்.

இன்னொன்று. பேடு உங்கள் முதுகுக்கு அடியில் இருக்கிறது. உங்களுக்கு அனல் ஏறுவது நெஞ்சிலும் கழுத்திலும். காற்று மேலிருந்து வருகிறது. உங்கள் நிலைமைக்கு என் ஓட்டு காற்றுக்குத்தான்.

எடிசன் நளினி:

கதிர் சொல்வது ஃபீனிக்ஸ் மாதிரி வறண்ட ஊருக்குப் பொருந்தும். நான் மாறுபடுகிறேன். எனக்கும் இதே பிரச்சினைதான், நியூஜெர்சியில் தண்ணீர் வகை வைத்திருக்கிறேன். ஈரமான உடம்பின் மேல் காற்று பட்டால் எப்படி இருக்கும்? வெடவெடவென்று நடுங்கும். மல்லி சொல்கிற அந்த இரண்டாவது பாதியே அதுதான். எனக்குப் பேடு தொடக்கத்திலிருந்தே மிதமான குளிரில் இருப்பதால் வியர்ப்பதே குறைந்திருக்கிறது. வருவதைத் துடைப்பதை விட வராமல் பார்த்துக்கொள்வது மேல். மெமரி ஃபோம் வேறு உடம்புச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்கும் உங்களுக்கும் நடுவில் தண்ணீர் ஓடினால் அந்தத் தொல்லையும் விட்டது.

ஆனால் தண்ணீர் வகை வாங்குகிறவர்களுக்கு யாரும் சொல்லாத சில வேலைகள் இருக்கின்றன. குழாய்த் தண்ணீர் ஊற்றினால் உள்ளே உப்புப் படியும். டிஸ்டில்டு வாட்டர் கேலன் கேலனாக வாங்கி வைக்க வேண்டும். மாதம் ஒரு முறை அவர்கள் சொல்லும் திரவத்தை விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். விட்டுவிட்டால் உள்ளே பாசி மாதிரி பிடித்து நாற்றம் வரும். தண்ணீர் மெல்லக் குறையும், நிரப்ப வேண்டும். எங்கள் முதல் பேடு தையல் ஓரத்தில் கசிந்து மெத்தையை நனைத்தது. வாரண்டியில் மாற்றிக் கொடுத்தார்கள், மெத்தை போனது போனதுதான். எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். வாரண்டி எத்தனை வருடம், பேடுக்கும் பெட்டிக்கும் ஒரே வாரண்டியா என்று பார்த்து வாங்குங்கள்.

எய்ட் ஸ்லீப் பற்றிக் கேட்டீர்கள். உறைக்குள் இருக்கும் சென்சார் இதயத் துடிப்பு, மூச்சு எல்லாம் பார்த்துத் தானே குளிரைக் கூட்டிக் குறைக்கும். என் தோழி அதை மனதாரப் புகழ்கிறாள். ராத்திரி போனைத் தொட வேண்டாம் என்ற உங்கள் நிபந்தனைக்கு அது பொருந்தும். ஆனால் விலை 2,000 டாலரைத் தாண்டும், மேலே சந்தா வேறு. இன்னொரு விஷயமும் தெரிந்திருக்கட்டும். 2025 அக்டோபர் 20 அன்று அமேசானின் கிளவுட் சேவை முடங்கியபோது, இந்த உறை வைத்திருந்த பலரால் சூட்டையும் குளிரையும் மாற்ற முடியாமல் போனது. எய்ட் ஸ்லீப் நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். அப்புறம் இணையம் இல்லாதபோது புளூடூத் வழியாக இயக்க வழி செய்தார்கள். என்னைக் கேட்டால், படுக்கை குளிர்வதற்கு எங்கோ இருக்கும் சர்வர் தேவைப்படக் கூடாது. ரிமோட்டோ பெட்டியிலேயே பொத்தானோ இருப்பதைப் பாருங்கள்.

வேளச்சேரி பாலு:

நடுவில் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். சென்னையில் அம்மாவுக்கு ஏசி ஒத்துக்கொள்வதில்லை, மூட்டு வலிக்கிறது என்கிறார். ஏசி இல்லாத அறையில் இந்தத் தண்ணீர்ப் பேடை மட்டும் வைத்தால் சரிப்படுமா? அண்ணன் அமெரிக்காவிலிருந்து வாங்கி வரத் தயார்.

ஃபீனிக்ஸ் கதிர்:

பாலு, வேண்டாம். சென்னையில் ராத்திரி அறை 30 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 75 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றில் 25 டிகிரிக்குக் கீழே எந்தப் பரப்பு போனாலும் அதன் மேல் நீர் கோத்துக்கொள்ளும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். பேடை 20-இல் வைத்தால் அம்மா படுத்திருக்கும் இடம் தவிர மற்ற இடமெல்லாம் ஈரமாகும், மெத்தையில் பூஞ்சை பிடிக்கும். அறைக்குள் விடும் சூடு வேறு. அது போக இங்கே மின்சாரம் 120 வோல்ட், அங்கே 230. டிரான்ஸ்ஃபார்மர் வாங்க வேண்டும், பழுதானால் பார்க்க ஆள் கிடைக்காது. ஏசியை 27-இல் வைத்து, காற்று நேரே மேலே படாமல் திருப்பிவிட்டு, மின்விசிறியை மெதுவாகச் சுழல விடுங்கள். பஞ்சு மெத்தையோ கோரைப்பாயோ ஃபோமை விட நன்றாக இருக்கும்.

நளினி அக்கா சொன்ன நடுக்கம் உண்மைதான், காற்றின் வேகத்தைக் குறைத்து வைக்கத் தெரிய வேண்டும். ஆனால் ஹூஸ்டனில் வெளியேதான் ஈரம். ஏசி ஓடும் அறைக்குள் 78 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் காற்று தாராளமாக வியர்வையை வாங்கிக்கொள்ளும். பத்து, பதினைந்து டாலருக்கு ஈரப்பதம் காட்டும் மீட்டர் கிடைக்கும், மல்லி அக்கா முதலில் அதை வாங்கிப் படுக்கையறையில் வையுங்கள். 60-க்கு மேல் காட்டினால் ஏசியைச் சரிபார்க்க வேண்டும். கட்டிலுக்குச் செலவழிப்பது அதற்கு அப்புறம்தான்.

டாலஸ் செவிலி:

எல்லாரும் மல்லியைப் பற்றியே பேசுகிறீர்கள், எனக்கு அவர் கணவரை நினைத்துத்தான் கவலை. பல வருடச் சர்க்கரை, கால் எப்போதும் குளிர்ச்சி என்றால் நரம்போ ரத்த ஓட்டமோ பாதிக்கப்பட்டிருக்கலாம். உணர்ச்சி குறைந்த காலில் சூடு பட்டால் சுடுவது தெரியாது. ஹீட்டிங் பேடிலும் வெந்நீர் பையிலும் கால் வெந்து புண்ணாகி வந்தவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன், அவர்களில் ஒருவருக்கும் வலித்திருக்கவில்லை. ராத்திரி முழுக்கச் சூடு ஓடும் படுக்கையில் அவரைப் படுக்க வைக்காதீர்கள். முதலில் பாதப் பரிசோதனை. பாதத்தில் நைலான் இழையை வைத்து அழுத்திப் பார்ப்பார்கள், ஐந்து நிமிட வேலை. கால் சூடாக இருந்தால் தூக்கம் சீக்கிரம் வரும் என்பது உண்மைதான், 1999-இல் பாசல் பல்கலைக்கழகத்தார் நேச்சர் இதழில் எழுதியிருக்கிறார்கள். அதற்கு இறுக்கமில்லாத பருத்தி சாக்ஸ் போதும். மிஞ்சிப் போனால் படுப்பதற்கு முன் படுக்கையைச் சூடாக்கி, ஏறும்போது அணைத்துவிடுங்கள்.

மல்லி, உங்களுக்கும் ஒரு வார்த்தை. உடல் வெப்பம் சிறிது ஏறி இறங்கினால் மூளை கண்டுகொள்ளாமல் விடும் ஓர் இடைவெளி எல்லாருக்கும் உண்டு. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது அந்த இடைவெளி சுருங்கிவிடுகிறது. அதனால்தான் துளி சூட்டுக்கும் உடம்பு அலறியடித்துக்கொண்டு வியர்க்கிறது. இதற்கு மருத்துவம் இருக்கிறது. ஹார்மோன் சிகிச்சை எல்லாருக்கும் ஆகாது என்றாலும், ஹார்மோன் இல்லாத ஃபெஸோலினெடன்ட் மாத்திரைக்கு 2023 மே மாதம் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்திருக்கிறது. கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே சாப்பிட வேண்டும். தைராய்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ராத்திரி வியர்வைக்கு அதுவும் காரணமாக இருக்கலாம். "இந்த வயதில் எல்லாருக்கும் வருவதுதானே" என்று பொறுத்துக்கொண்டிருக்கும் நம் பெண்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. கருவி வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சுகர்லேண்ட் மல்லி:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. செவிலி அக்கா எழுதியதை அவரிடமே படித்துக் காட்டினேன். பாதப் பரிசோதனைக்கு நேரம் வாங்கிவிட்டார். எனக்கும் மகப்பேறு மருத்துவரிடம் அடுத்த வாரம் போகிறேன்.

அவர் பக்கம் சூடு வேண்டாம் என்றாகிவிட்டால் இரண்டு பக்கக் கருவியே தேவையில்லை, இல்லையா? என் பக்கத்துக்கு மட்டும் ஒன்று போதும். ஏசியை 75-இல் நிறுத்தி ஆளுக்கொரு போர்வை வைத்துக்கொள்ளலாம் என்று பேசியிருக்கிறோம். நளினி சொன்ன கசிவும் மாதாந்திரச் சுத்தமும் என்னால் ஆகாது, வேலைக்கும் போய்க்கொண்டு அதையும் பார்க்க முடியாது. ஒருவருக்கான காற்று வகையைத் திருப்பிக் கொடுக்கும் வசதியோடு வாங்கிப் பார்க்கப் போகிறேன். ஒரே சந்தேகம், எங்கள் கட்டில் மிகத் தாழ்வானது. பெட்டி அடியில் நுழையுமா?

ஃபீனிக்ஸ் கதிர்:

தரைக்கும் கட்டில் சட்டத்துக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று டேப் வைத்து அளந்து, அவர்கள் தளத்தில் கொடுத்திருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள். நுழையாவிட்டால் கட்டிலின் கால்மாட்டிலோ உங்கள் பக்கவாட்டிலோ வைத்துக் குழாயை மட்டும் உங்கள் போர்வைக்குள் விடலாம். போர்வை கனமாக வேண்டாம், நெருக்கமாக நெய்த மெல்லிய பருத்தியாக இருக்கட்டும், அப்போதுதான் காற்று உடனே வெளியேறாமல் உள்ளே பரவும். மெத்தையில் தண்ணீர் இறங்காத பிளாஸ்டிக் உறை போட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். முதல் ராத்திரி மிகக் குறைந்த வேகத்தில் ஆரம்பியுங்கள்.

எடிசன் நளினி:

காற்றின் சத்தம் அவருக்கு ஒத்துக்கொள்கிறதா என்றும் பார்த்துவிட்டு எழுதுங்கள் மல்லி. எங்கள் வீட்டில் அதனால்தான் தண்ணீருக்குப் போனோம். திருப்பிக் கொடுக்கும் கெடு தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.