‘வெளியேற்ற நேரம்’ என்பதற்கு மாற்றாகப் ‘பீய்ச்சுநேரம்’

அன்புள்ள அக்காவுக்கும் குழு நண்பர்களுக்கும் வணக்கம்.

டர்பனில் நம் தமிழ்ப் பள்ளிப் பெற்றோருக்காகத் தாங்கள் எழுதிவரும் கார்த் தீயணைப்பான் கையேட்டில், உருளையிலுள்ள உலர்தூள் முழுதும் தீர ஆகும் காலத்தை ‘வெளியேற்ற நேரம்’ என்று குறித்திருக்கிறீர்கள். பொருள் பிழையில்லை, ஆயினும் படிப்பவர், காரிலிருந்து ஆட்களை வெளியேற்றும் நேரம் என்றே முதலில் கொள்வார் என்று அஞ்சுகிறேன். தீயைப் பற்றிய கையேட்டில் அந்தக் குழப்பம் ஆபத்தானது. மின்னூட்டம் வெளியேறுவதைக் குறிக்கும் ‘மின்னிறக்கம்’ போல ‘தூளிறக்கம்’ எனலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். தூள் தானாக இறங்குவதில்லை, நைட்ரஜனின் அழுத்தம் அதைத் தள்ளுகிறது என்பதால் அதுவும் பொருந்தவில்லை.

‘பீய்ச்சுநேரம்’ என்பதை முன்வைக்கிறேன். ஊறுகாய், சுடுநீர் போல இது வினைத்தொகை. பால் பீய்ச்சும் கை அழுத்தியும் தளர்த்தியும் வேலை செய்வதுபோலவே, தீயணைப்பானின் பிடியையும் தேவைக்கேற்ப அழுத்தியும் தளர்த்தியும் இயக்க வேண்டும். அந்தச் செயல்முறையையே சொல் நினைவூட்டுகிறது.

இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. கடையில் எல்லோரும் எடையையும் விலையையும் கேட்கிறோம். ஒரு கிலோ உருளையின் பீய்ச்சுநேரம் ஏறத்தாழ 8 முதல் 10 நொடிதான் என்பதை யாரும் கேட்பதில்லை. பீட்டர்மாரிட்ஸ்பர்க் நோக்கி என்3 சாலையில் ஏறும்போது பானெட்டிலிருந்து (எஞ்சின் மூடியிலிருந்து) புகை வந்தால், எஞ்சினை நிறுத்தி, எல்லோரையும் இறக்கித் தொலைவில் அனுப்பியபின், தீ சிறியதாக இருந்தால் மட்டுமே அந்தச் சில நொடிகளைச் செலவிட வேண்டும். பானெட்டை முழுதாகத் திறந்தால் காற்றுப் புகுந்து தீ வளரும். எனவே சிறிதளவு இடைவெளி வழியாக, சுடரின் உச்சியை விட்டு அதன் அடிப்பகுதியை நோக்கிப் பீய்ச்ச வேண்டும். வீட்டில் ஒருமுறை அழுத்திச் சோதித்துப் பார்ப்பதும் கூடாது, ஏனெனில் அடைப்பிதழில் (வால்வில்) தூள் சிக்கி அழுத்தம் மெல்லக் கசிந்துவிடும். கையேட்டில் இவ்வாறு எழுதலாம்: ‘வாங்குமுன் பீய்ச்சுநேரத்தைக் கேட்டறியுங்கள், ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில் உருளையை உறுதியாகப் பொருத்துங்கள்.’

பிடி தவறுதலாக அழுந்தாமல் தடுக்கும் பாதுகாப்பு ஊசிக்கு (safety pin) தாங்கள் தந்த ‘பூட்டூசி’ நன்று. அதை மாற்ற வேண்டாம்.

எழுத்து பற்றி ஒன்று. ‘பீச்சு’ என்ற வடிவமும் வழக்கில் உள்ளது. ஆனால் கடற்கரையைப் ‘பீச்’ என்றே அழைத்து வளரும் நம் ஊர்ப் பிள்ளைகள் ‘பீச்சுநேரம்’ என்பதைக் கடற்கரைக்குப் போகும் நேரம் என்றே படிப்பார்கள். ஆகவே யகர ஒற்றை விடாமல் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.